கிரோஸ்டன் மரத்துக்கு நாலு கொம்பு பூ

கிரோஸ்டன், டென்மார்க்
ஏப்ரல் மாதம், ஞாயிறு

அன்புள்ள ஆஸ்முஸ் அவர்களுக்கு,

வேலிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பொடில் எழுதுவது. நான் நலம்தான், முட்டி மட்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. வைலே ஊரில் உங்கள் மகன் வீட்டில் உங்களுக்கு வேளாவேளைக்குக் காப்பி கிடைக்கிறதா?

உங்கள் வீட்டை வாங்கிய இளசுகள் நல்லவர்கள்தான். ஆனால் போன வருஷம் வந்ததும் வராததுமாக, கார் நிறுத்த இடம் வேண்டுமென்று உங்கள் ஆப்பிள் மரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். "அதான் உங்க மரம் இருக்கே பொடில், அது போதாதா?" என்று அந்தப் பெண் சிரித்தாள். போதவில்லை. என் மரம் வெள்ளை வெளேரென்று பூத்தது. ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை.

நாற்றுப் பண்ணைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். "கிரோஸ்டன் ஆப்பிளோட குணமே அதுதாம்மா. அதோட மகரந்தம் எதுக்கும் உதவாது. பக்கத்துல வேற ஜாதி மரம் பூத்தாத்தான் காய்க்கும்" என்றார். பாருங்கள் கூத்தை! யாரோ பிரபு இத்தாலியிலிருந்து கொம்பு வரவழைத்து நம் ஊர் அரண்மனைத் தோட்டத்தில் ஒட்டுக்கட்டினாராம், அதன் வம்சம்தான் உலகமெல்லாம் நிற்கிறதாம் என்று என் வீட்டுக்காரர் சாகும்வரை பீற்றிக்கொண்டார். அத்தனை பெருமைக்கும் பக்கத்து வீட்டுத் தயவு வேண்டியிருக்கிறது.

செப்டம்பர் வந்தால் வீடே மணக்கும். தோல் எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். ஒரேயடியாகப் பழுக்காது, தினம் நாலைந்தாக விழும். நீங்கள்தான் குனிந்து பொறுக்கித் தருவீர்கள். கேக் செய்தால், "என்ன பொடில், சர்க்கரை விலை ஏறிப்போச்சா?" என்பீர்கள். போன செப்டம்பரில் கடை ஆப்பிளில் செய்து பாதியைப் பறவைகளுக்குப் போட்டேன். தின்றுவிட்டுக் குறை சொல்லக்கூட ஆள் இல்லை, ஆஸ்முஸ். வீடு வெறிச்சென்று கிடக்கிறது.

பண்ணைக்காரர் ஒரு வழி சொன்னார். வேறு மரத்துப் பூங்கொம்புகளை வாளித் தண்ணீரில் வைத்து என் மரத்தில் தொங்கவிட்டால், மற்றதைத் தேனீ பார்த்துக்கொள்ளுமாம். உங்கள் மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிய மரம் மகன் வீட்டுச் சுவரோரம் நிற்கிறதே! மே மாதம் பூத்ததும் நாலு கொம்பு வெட்டுங்கள். தபாலில் போட்டுவிடாதீர்கள், வாடிவிடும். மகனிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம், அவருக்கு ஆயிரம் வேலை. ரயிலில் யாராவது மடியில் வைத்துக்கொண்டுதான் வர வேண்டும். வந்தபின் பூ கொட்டும்வரை வாளித் தண்ணீரை மாற்ற வேண்டும். என்னால் ஏணி ஏற முடியாது. மேலறையில் படுக்கை விரித்தாயிற்று.

கடவுள் உங்கள் கால்களுக்கு இன்னும் கொஞ்சம் தெம்பு தரட்டும். எங்காவது புறப்பட வேண்டியிருந்தால் உதவும்.

பழைய பக்கத்து வீட்டுக்காரி,
பொடில்