ஜெனி கன்னத்துப் பென்சில் புள்ளி

என் செல்லத் தங்கச்சி ரெஜினாவுக்கு,

உன் வீட்டுக்காரர் லீவு முடிந்து போன வாரம்தான் பஹ்ரைனுக்குத் திரும்பினார். அவர் இங்கே இருந்த நாளெல்லாம், ஜெனி என்னிடமே இருப்பாளா, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாரா என்கிற ஒரே நினைப்பில் நான் நடமாடிக்கொண்டிருந்தேன். உடம்பு அசந்துபோய்விட்டது. யாரிடம் சொல்ல? அவளைப் பெற்றவள் நீ, உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒரு பென்சிலால் வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கிடந்தபோது நடந்தது அது. என் வீட்டுக்காரரும் கடலுக்குப் போகாமல் வீட்டில்தான் இருந்தார். சாயங்காலம் நான் அடுப்படியில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தேன். உன் மகளும் என் மகன் ஆன்றோவும் வெளியறையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள். பென்சில் சீவுகிற ஷார்ப்னருக்குச் சண்டை.

"குடுண்ணா. அது எங்கப்பா வாங்கியாந்தது."

"ஒங்கப்பா வாங்கியாந்ததுன்னா நீ ஒங்கப்பா வீட்டுக்குப் போ."

இது என் காதில் விழுந்தது, ரெஜி. கையைக் கழுவிவிட்டுப் போய் அவன் முதுகில் ஒன்று வைக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் ஜெனி அலறிவிட்டாள். போய்ப் பார்த்தால் இடது கன்னத்தில், கண்ணுக்கு ஒரு விரற்கடை கீழே, பென்சில் இறங்கியிருக்கிறது. ரத்தம் கொஞ்சம்தான். நடுவில் கறுப்பாக ஒரு துளை. ஆன்றோ முனை உடைந்த பென்சிலைப் பிடித்தபடி வெளிறிப்போய் நிற்கிறான்.

உன் மச்சானைத் தெரியுமே, எதுவானாலும் அவருக்கு மீன் முள்தான். "கெளுத்தி முள்ளு குத்துனாப்புலதான். சுடுதண்ணி வச்சு ஊசியால நெம்பி எடுத்துரலாம்" என்று ஊசியைத் தேட ஆரம்பித்துவிட்டார். "கண்ணுக்குக் கிட்ட இருக்கு, யாரும் கை வைக்கக் கூடாது" என்று நான் கத்தினேன். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். போகிற வழியெல்லாம், பென்சிலில் ஈயம் இருக்குமே, பிள்ளைக்கு விஷம் ஏறிவிடுமோ என்று கேட்டுக்கொண்டே போனேன். வலையில் கட்டுகிற ஈயக் குண்டைச் சின்னப் பிள்ளைகள் வாயில் வைத்தால் அடிப்போமே, அந்தப் பயம்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயசு டாக்டரம்மா. விளக்கு அடித்துப் பார்த்தார். உடைந்த பென்சிலைக் கேட்டார். நல்லவேளை, உன் மச்சான் அதைச் சட்டைப் பையில் போட்டு வந்திருந்தார். "முனை உள்ள இருந்துச்சு, எடுத்துட்டேன். பென்சில்ல ஈயமெல்லாம் கிடையாதும்மா, அது ஒரு மாதிரிக் கரி. விஷமில்ல" என்றார். டி.டி. ஊசி போட்டார். வீங்கினாலோ சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ உடனே வரச் சொன்னார்.

"கறுப்பு போயிருமா டாக்டர்?"

"கொஞ்சம் தங்கும். பச்சை குத்துறோம்ல, அது மாதிரிதான். தேய்க்காதீங்க, சுரண்டாதீங்க. வளந்தப்புறம் வேணும்னா லேசர் வச்சு எடுத்துக்கலாம்."

புண் நன்றாக ஆறிவிட்டது. புள்ளி மட்டும் போகவில்லை. மிளகளவுக்கு, கறுப்பும் நீலமுமாக அப்படியே நிற்கிறது. கோயிலில் பூசை முடிந்து வெளியே வந்தால், "இம்புட்டுப் பெரிய புள்ளைக்கு இன்னும் திருஷ்டிப் பொட்டா?" என்று கேட்கிறார்கள். ஒரு அம்மா சேலைத் தலைப்பில் எச்சில் தொட்டுத் துடைத்தே பார்த்துவிட்டாள். ஜெனி அசையாமல் நின்றாள். அவள் அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலை என்று இருந்திருக்கும்.

உன் வீட்டுக்காரரிடம் அன்றைக்கே போனில் சொல்லிவிட்டேன். "ஊசி போட்டாச்சுல்ல மதினி, ஆறிரும்" என்றார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. வாரம் தப்பாமல் வீடியோவில் மகளோடு பேசிக்கொண்டுதானே இருந்தார், பார்த்திருப்பார் என்று நினைத்தேன். ஜெனி தலையணையில் இடது கன்னத்தைப் புதைத்துப் படுத்துக்கொண்டுதான் பேசுவாள். இல்லாவிட்டால் கன்னத்தில் கையை ஊன்றிக்கொள்வாள். அப்பா நினைப்பில் சோர்ந்து கிடக்கிறாள் என்று நான் பாட்டுக்கு என் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போன மாதம் அவர் வந்து இறங்கினார். வாசலிலேயே மகளின் முகத்தை நிமிர்த்தி, "என்னத்தா இது, மூஞ்சி கழுவலயா?" என்று கட்டைவிரலால் துடைத்தார். போகவில்லை. இன்னொரு தடவை அழுத்தித் துடைத்தார். அப்புறம் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, ரெஜி, அதை எப்படி எழுத?

"எல்லாருமாச் சேந்து எங்கிட்ட மறைச்சிட்டீங்களா மதினி?"

சாயல்குடியிலிருந்து அவருடைய அக்கா போனில் பேசியது வீடு முழுக்கக் கேட்டது. "பொம்பளப் புள்ள மூஞ்சியில குத்தி வச்சிருக்கான். என்னன்னு கேட்டியா? நாளைக்கு ஒருத்தன் கட்ட வரணும்லப்பா. கூட்டியாந்து எங்கிட்ட விடு, நான் வளத்துக்கிறேன்." ஆன்றோ பக்கத்து வீட்டில் போய் ஒளிந்துகொண்டான். உன் வீட்டுக்காரர் பீரோவைத் திறந்து, ஜெனியின் துணிகளை எடுத்துக் கட்டிலில் போட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. பெற்றவர் அவர். எனக்கு என்ன உரிமை?

அப்போதுதான் ஜெனி வாயைத் திறந்தாள். "பெரியம்மா மறைக்கலப்பா. நாந்தான் போன்ல காட்டாம இருந்தேன். காட்டுனா கூட்டிட்டுப் போயிருவீங்க. அண்ணனையும் அடிப்பீங்க."

எட்டு வயதுப் பிள்ளை அத்தனை மாதம் ஒரே பக்கமாகப் படுத்துப் பேசியிருக்கிறாள். ஒரே வீட்டில் இருக்கிற எனக்குத் தெரியவில்லை. நீ உயிரோடு இருந்திருந்தால் முதல் நாளே கண்டுபிடித்திருப்பாய், இல்லையா?

அவர் அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். ஜெனியை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்டார்.

"ஒண்ணு மட்டும் சொல்லுங்க மதினி. வேணும்னே குத்துனானா?"

இல்லை, விளையாட்டில் பட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். அவள் பிடுங்கக் குனிந்ததில் பட்டது என்று ஆன்றோ சொல்கிறான், ஜெனியும் அதையேதான் சொல்கிறாள். ஆனால் நான் பார்க்கவில்லையே. உன் பிள்ளை விஷயத்தில் பொய் சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை.

"தெரியாது தம்பி. நான் பாக்கல. ஆனா அதுக்கு முன்னாடி, 'ஒங்கப்பா வீட்டுக்குப் போ'ன்னு அவகிட்டச் சொன்னான். அது என் காதுல விழுந்துச்சு."

சொல்லிவிட்டேன், இனி பிள்ளை போய்விடும் என்று நினைத்துக்கொண்டேன். உன் மச்சான் வாசலில் நின்றபடி, ஏன் இதைச் சொன்னாய் என்பதுபோல் என்னைப் பார்த்தார். உன் வீட்டுக்காரர் ஜெனியின் கவுனை மடித்தார், பிரித்தார், திரும்பவும் மடித்தார்.

"எங்க அக்கா வீட்டுலயும் மூணு பசங்க இருக்கானுக. அங்க என்ன நடந்தாலும், 'ஒண்ணுமில்லப்பா, நல்லாருக்கா'ன்னுதான் அக்கா சொல்லும். நான் பஹ்ரைன் கடல்ல கெடந்துக்கிட்டு அதை நம்பிக்கிட்டு இருப்பேன்." துணிகளைத் திரும்ப பீரோவில் வைத்தார். "இங்கனயே இருக்கட்டும் மதினி. அடுத்த லீவுல வாறப்ப பாப்போம்."

அப்புறம் ஆன்றோவைத் தேடிப் போய்க் கூட்டிவந்தார். அடிக்கவில்லை. "ஏலே, ஒரு ஷார்ப்னருக்கே இப்படின்னா, நாளைக்குச் சொத்துன்னு வந்தா என்னலே பண்ணுவ?" என்றார். "நம்மகிட்டச் சொத்து எங்க இருக்குப்பா" என்று ஜெனிதான் சிரித்தாள்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அடுத்த லீவு வரைக்கும்தானே கிடைத்திருக்கிறது? அப்பாவை வழியனுப்பிவிட்டுப் பாம்பன் பாலத்தில் பஸ் வரும்போது ஜெனி என் மடியில் சாய்ந்துகொண்டு கேட்டாள், "எங்கப்பா வீடுன்னு எங்க பெரியம்மா இருக்கு?" நீயும் அவரும் இருந்த வாடகை வீட்டில் இப்போது வேறு யாரோ இருக்கிறார்கள். கடலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்னும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. நீ சொல்லேன், என்ன சொல்லட்டும்?

ஒன்று மட்டும் உன்னிடம் சத்தியமாகச் சொல்கிறேன், ரெஜி. என்றைக்காவது, 'அப்பாவோடு போய் இருக்கணும்' என்று அவள் வாயால் கேட்டால், நானே துணி மடித்து அனுப்பிவைப்பேன். அழுது அவளை நிறுத்தமாட்டேன். அவள் பஸ் ஏறிப் போன பிறகு அழுதுகொள்கிறேன்.

உன் பிள்ளையை வளர்க்கிற,
உன் கூடப்பிறந்த அக்கா,
செல்வராணி
தங்கச்சிமடம்