நான் கழுவிய வெள்ளை ஜீப்

2003 பெப்ரவரி 10, திங்கள்

மூன்றாவது வாரம் தொடங்கிவிட்டது. முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கின்றன. காருக்குள் குனிந்து, சீட்டுக்கடியில் தலையை விட்டு, பல் துலக்கும் பிரஷால் ஓரங்களைத் தேய்க்கிற வேலை நாற்பத்து மூன்று வயது உடம்புக்கு இன்னும் பழகவில்லை. தேயிலை ஃபாக்டரியில் இருபத்திரண்டு வருடம் நின்றபடியே வேலை செய்தவன் நான். கொழுந்தைப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்புவதென்று முடிவு செய்து ஃபாக்டரியை மூடிவிட்டார்கள். அங்கே மணிக்கொரு தடவை அடுப்புச் சூட்டைப் புத்தகத்தில் குறித்த பழக்கம் மட்டும் போகவில்லை. அதனால்தான் இதையும் எழுதுகிறேன்.

புஹாரி முதலாளியின் சர்விஸ் ஸ்டேஷன் பதுளை டவுனில் இருக்கிறது. முன்பு வாகனம் கழுவி ஒயில் மாற்றுவது மட்டும்தான். இப்போது அவருடைய தங்கை மகன் ஷாஹ்மி கட்டாரிலிருந்து வந்து, பழைய வாகனத்தை உள்ளும் புறமும் புதிதுபோல ஆக்கிக் கொடுக்கிற வேலையைத் தொடங்கியிருக்கிறார். அவருக்கு இருபத்தாறு வயது. எனக்குப் பழக்குகிறவர் அவர்தான். "அண்ணே" என்று கூப்பிட்டுக்கொண்டே திட்டுகிறார். ஆறு மாதம் பழகி, ஒரு வாகனத்தைத் தனியே முழுதாகச் செய்து காட்டினால் நிரந்தரமாக எடுப்பார்கள்.

பெப்ரவரி 13

ஒரு வேன். பண்டாரவளையிலிருந்து வந்த வளைவெல்லாம் பிள்ளைகள் வாந்தி எடுத்திருக்கிறார்கள். சீட்டைக் கழற்றி, தரை விரிப்பை இழுத்து, மூன்று தடவை கழுவியும் நாற்றம் போகவில்லை. ஏசி துவாரத்துக்குள்ளும் போயிருந்தது. தெமோதரையில் பஸ்ஸை விட்டு இறங்கி தோட்டத்து லயத்து வீட்டுக்கு ஏறும்போது என் மேலேயே அந்த நாற்றம். சரோஜா மூக்கைப் பொத்திக்கொண்டு, "குளிச்சிட்டு உள்ள வாங்க" என்றாள். பகலெல்லாம் கொழுந்து பறித்துவிட்டு வந்தவள், எனக்காகச் சுடுதண்ணீர் வைத்திருந்தாள்.

பெப்ரவரி 27

பெயின்டைச் சுட்டுவிட்டேன்.

மினுக்குகிற மெஷினைக் கதவின் விளிம்பில் ஒரு கணம் அதிகமாக வைத்துவிட்டேன் போல. விரல் நகமளவு இடம் வெளுத்துவிட்டது. "ஒரே எடத்துல வெச்சிட்டு யோசிச்சிட்டு ஈக்காதீங்க அண்ணே, வெந்திரும்!" என்று ஷாஹ்மி கத்தினார். கார்க்காரர் வந்து சத்தம் போட்டபோது, "என்ட கைப்பிழைதான் சேர்" என்று அவரே ஏற்றுக்கொண்டார். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏன் அப்படிச் சொன்னார்? கேட்கத் துணிச்சல் வரவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

தூங்கினேன். எழுந்து சாப்பிட்டேன். மறுபடி தூங்கினேன்.

மார்ச் 20

கழுவித் துடைத்த பிறகு விரலில் மெல்லிய பொலித்தீன் பையைப் போட்டுக்கொண்டு பொனட்டைத் தடவிப் பார்க்கச் சொன்னார் ஷாஹ்மி. வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடம், பைக்குள்ளிருந்து தடவினால் மணலாக உரசுகிறது. கண்ணுக்கும் தெரியாத அழுக்கு அது. அதையும் எடுத்த பிறகுதான் மெழுகு. கையை வைத்தே சொல்லிவிடலாம் என்பது எனக்குப் பிடித்துப்போனது. ஃபாக்டரியிலும் அப்படித்தான், தூள் காய்ந்ததா இல்லையா என்று என் கை சொல்லிவிடும்.

முதுகு மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது.

ஏப்ரல் 9, புதன்

புதுவருடம் நெருங்குகிறது. வாகனங்கள் வாசலைத் தாண்டி ரோட்டுவரை நிற்கின்றன. காலையில் ஏழரைக்கு முன்பே ஒரு வெள்ளை ஜீப் வந்தது. கட்டட வேலை, பாலம் வேலை எல்லாம் எடுக்கிற பெரிய கொந்தராத்துக்காரருடையது. டிரைவர்தான் கொண்டுவந்தான். முன் பம்பர் நசுங்கி, இடது லைட் வெடித்திருந்தது. "விடியக்காலைல நாய் ஒண்ணு குறுக்கால பாஞ்சிருச்சி" என்றான். நசுங்கலைப் பிறகு பார்த்துக்கொள்வார்களாம். இன்றைக்கே கழுவி மினுக்கிக் கொடுத்தால் போதுமாம்.

ஷாஹ்மி என்னைப் பார்த்தார். "இது ஒங்கட வண்டி அண்ணே. நான் கிட்ட வரமாட்டேன்."

அதுதான் பரீட்சை என்று புரிந்தது. பயத்திலேயே தொடங்கினேன். பம்பருக்கும் நம்பர் பிளேட்டுக்கும் இடையில் நீலப் பொலித்தீன் துண்டு ஒன்று மாட்டியிருந்தது. இழுத்துக் குப்பை டின்னில் போட்டேன். பம்பரின் கீழே காய்ந்த கறை. தண்ணீரை வேகமாக அடித்ததும் போய்விட்டது. அப்புறம் எல்லாம் சரியாக நடந்தது. கை தவறவில்லை. நாலு மணிக்கு ஜீப் கண்ணாடி மாதிரி நின்றது. ஷாஹ்மி பொலித்தீன் பையோடு சுற்றிவந்து தடவிப் பார்த்துவிட்டு, "மாமா, மே மாசமே இவர எடுங்க" என்றார். புஹாரி முதலாளி சிரித்தார்.

அதே நாள், வீட்டுக்கு வந்த பிறகு

கீழ் லயத்துப் பெரியாயியைக் காலையில் ஏதோ வாகனம் அடித்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறது. நான் முதல் பஸ்ஸில் போய்விட்டதால் எனக்குத் தெரியவில்லை. காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்குப் போகும் வழியில், பனிக்குள், மெயின் ரோட்டில். ஆறேகால் மணிக்கு ரோட்டோரக் கானுக்குள் கிடந்தவளைப் பஸ்காரர்கள் பார்த்துத் தூக்கியிருக்கிறார்கள். உயிர் இருக்கிறது. இடுப்பெலும்பும் காலும் முறிந்துவிட்டன.

சரோஜா அழுதுகொண்டே சொன்னாள். "இடுப்புல கட்டியிருந்த படங்கு பாதிய காணோங்க. அப்பிடி இழுத்துட்டுப் போயிருக்கான்."

"என்ன கலர்?"

"நீலம். போன மாசந்தான் குடுத்தாங்களே, எங்க எல்லாருக்கும்."

எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் அவளுடைய படங்கு தொங்குகிறது. கொழுந்துச் செடி குத்தாமல் இடுப்பைச் சுற்றிக் கட்டுகிற அதே நீலம். நான் ஏன் பார்க்கவில்லை? தினமும் பார்க்கிற சாமானை எப்படிப் பார்க்காமல் போனேன்?

சாப்பிடவில்லை.

ஏப்ரல் 10

டின்னிலிருந்த குப்பையை இன்னும் எரிக்கவில்லை. நீலத் துண்டை எடுத்துச் சோற்றுப் பைக்குள் வைத்தேன். நிமிர்ந்தால் ஷாஹ்மி. பெரியாயிக்கு நடந்ததைச் சொல்லிவிட்டேன். வாசல் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"அண்ணே, இத வெளிய கொண்டு போனா திரும்ப இந்த வாசலுக்கு வர ஏலாது. தெரியுந்தானே?"

"தெரியும்."

"நான் ஒண்டும் பாக்கல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்காகச் சொன்னாரா, தனக்காகவா?

ஏப்ரல் 12

ஒன்றும் செய்யவில்லை. ஐந்து வாகனங்கள் கழுவினேன்.

ஏப்ரல் 14, திங்கள். புதுவருடம்

பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனோம். பெரியாயி காலில் கனம் கட்டித் தொங்கவிட்டபடி படுத்திருந்தாள். சரோஜா கொண்டுபோன பலகாரத்தில் ஒரு துண்டைத்தான் தின்றாள். கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற அவள் மகன் சேந்தன் வந்திருந்தான்.

"வெளிச்சம் மட்டுந்தான் தம்பி தெரிஞ்சிச்சு. நிப்பாட்டுவான்னு நெனச்சேன்" என்றாள். பிறகு என் கையைப் பிடித்து, "டவுன்ல வேல பழகுறியாமே. மழையில நனையாத வேல. விட்டுறாத, என்ன?" என்றாள்.

என் கையில் மெழுகு வாசம். இரண்டு நாள் விடுமுறையிலும் போகவில்லை. அவளுக்கு அது தெரிந்திருக்குமோ என்று நினைத்துக் கையை இழுத்துக்கொண்டேன்.

ஏப்ரல் 15

சரோஜாவிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "நான் போன ரோட்டுலதானே அவளும் போனா. அஞ்சு நிமிசம் முந்தி" என்றாள்.

ஏப்ரல் 17

முதலில் புஹாரி முதலாளியிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. கல்லாவுக்கு முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"மது, நாலு பேருக்கு நல்லவனா ஈந்துதான் இந்த டவுன்ல நான் கடை நடத்துறேன். அந்த மனுசன் நெனச்சா என்ட கேட்டைப் பூட்ட ஏலும். நீ போறத நான் மறிக்க மாட்டேன், அது பாவம். ஆனா போனா வராதே. என்ட கஷ்டத்தையும் யோசி."

யோசித்தேன். அவர் கெட்ட மனிதர் இல்லை. அதுதான் கஷ்டமாக இருக்கிறது. வேலை உடுப்பைக் கழற்றி மடித்து ஆணியில் வைத்துவிட்டு வந்தேன். ஷாஹ்மி மெஷினை நிறுத்தவே இல்லை.

ஏப்ரல் 18

சேந்தனோடு பொலிஸுக்குப் போனேன். எனக்குத் தெரிந்த சிங்களம் ஃபாக்டரிச் சிங்களம்தான். சேந்தன் இடையில் இருந்து சொன்னான். எழுதிக்கொண்டிருந்தவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார்.

"கழுவியது யார்?"

"நான்தான் ஐயா."

"ஒன்பது நாள் என்ன செய்தாய்?"

அதற்குச் சேந்தனும் திரும்பி என்னைப் பார்த்தான். என்ன சொல்வது? வேலை போய்விடும் என்று பயந்தேன் என்றா? அதைத்தான் சொன்னேன். என்னால் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்துப் போட்டேன். நீலத் துண்டை உறையில் போட்டு ஒட்டினார்கள். வெளியே வந்ததும் மதிலோடு உட்கார்ந்துவிட்டேன். சேந்தன் பஸ் வரும்வரை தள்ளியே நின்றான்.

ஏப்ரல் 22

ஷாஹ்மி லயத்தைத் தேடி வந்திருந்தார், வெள்ளைச் சப்பாத்தெல்லாம் சேறு. பொலிஸ் வந்து கேட்டபோது, ஜீப் வந்த நேரம், பம்பர் நசுங்கல், வெடித்த லைட் எல்லாம் தன் கையால் எழுதிய அட்டையை எடுத்துக் கொடுத்துவிட்டாராம். "மாமா ரெண்டு நாளா என்னோட பேசல்ல" என்றார். சரோஜா கொடுத்த பிளேன்டீயைக் குடித்தார். "கதவுல பெயின்ட சுட்டப்போ பொய் சொன்னேனே அண்ணே, அது சின்னப் பொய்" என்றார். நான் சிரிக்கப் போய் அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

மே 6

டிரைவரைப் பிடித்து, பிணையில் விட்டிருக்கிறார்கள். நான் தோட்டத்தில் புல்லு வெட்டப் போகிறேன், வாரத்தில் மூன்று நாள்தான் தருகிறார்கள். இந்தக் குனிவுக்கும் அந்தக் குனிவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஜூன் 19

மழை.

ஆகஸ்ட் 26

சாட்சி சொல்ல வரச்சொல்லிக் கடிதம் வந்திருந்தது. வெளுத்த சட்டை போட்டு, காலையிலிருந்து கோர்ட்டுக்கு வெளியே நின்றேன். என் பெயரைக் கூப்பிடவே இல்லை. பனியில் தானே குறுக்கே போனதாகப் பெரியாயி சொல்லிவிட்டாளாம். டிரைவருக்குத் தண்டம். அவ்வளவுதான்.

படியிறங்கி வந்த சேந்தன் என்னைக் கண்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனான். கொந்தராத்துக்காரரின் களஞ்சியத்தில் அவனுக்கு வேலை கொடுத்திருக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்கள்.

அப்படியானால் நான் எதற்காக... எழுத வரவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பெரியாயி இரண்டு கைத்தடியோடு எங்கள் காம்பரா வாசலுக்கு வந்தாள். கீழ் லயத்திலிருந்து இந்தப் படியெல்லாம் எப்படி ஏறினாள்? உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"என்னைய திட்டு தம்பி. காலு போனது போச்சு. பெய சேந்தன் கொழும்புல கெடந்து சீரழியாம பக்கத்துல இருக்கட்டுமேன்னு, அவங்க கேட்டதுக்குத் தலைய ஆட்டிப்புட்டேன். ஒனக்குத்தான் ஒண்ணுமில்லாம போச்சு."

திட்டத்தான் நினைத்திருந்தேன், ஐந்து நாளாக மனதுக்குள் திட்டிக்கொண்டுதான் இருந்தேன். அவளைப் பார்த்ததும் வரவில்லை. "ஒங்க காலு. நீங்கதான் முடிவு பண்ணணும்" என்றேன். பிறகு, அவளுக்கு நான் சொல்லவேண்டியிருந்த ஒன்றைச் சொன்னேன். ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை என்பதை.

"தெரியும், பெய சொன்னான்" என்றாள். "பத்தாவது நாளு போனியே."

அவளைப் பிடித்துக்கொண்டு கீழ் லயம்வரை போய் விட்டுவிட்டு வந்தேன். இறங்க முக்கால் மணி நேரம் ஆயிற்று.

நவம்பர் 3

பெரகலயில் நஸீர் முதலாளியின் வாகனம் கழுவும் இடத்தில் சேர்ந்தேன். ஷாஹ்மிதான் சொல்லியிருக்கிறார். ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு தகரக் கூரை, ரோட்டோரம். வாரம் ஒருமுறைதான் வீட்டுக்குப் போக முடியும். மினுக்குகிற மெஷின் இங்கே இல்லை, கையால்தான்.

2004 மார்ச் 12, வெள்ளி

வெல்லவாய பக்கமிருந்து ஏறி வந்த கார் ஒன்று. வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாத மலைக்குப் பறக்கிற காலமாம், முன் கிரில் முழுக்க மஞ்சளாக ஒட்டியிருந்தன. குழாயைத் திறக்காமல், வழக்கம்போல காரை ஒருமுறை சுற்றி வந்தேன். நாலு பக்கமும் பார்த்தேன், குனிந்து பம்பருக்குக் கீழேயும். முழங்கால் சத்தம் போட்டது.

ஜும்மாவுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நஸீர் முதலாளி நின்று, "தெனமும் அப்பிடி என்னத்தத் தேடுறீங்க?" என்றார்.

"ஒண்ணுமில்லீங்க. பூச்சிதான்."

ஒவ்வொரு செட்டையாக விரலால் எடுத்துப் போட்டேன். பிறகுதான் தண்ணீரைத் திறந்தேன்.