கூடையில் இரண்டு பேர், கொக்கி ஒன்று

அன்புள்ள மகன் எல்தியாருக்கு,

அம்மா எழுதுவது. நீ சுகமாக இருக்கிறாய் என்று எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமை போனில் உன் குரல் நன்றாகத்தான் இருந்தது. இங்கே எல்லோரும் நலம் என்று வழக்கம்போல எழுதச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நான் சொல்லச் சொல்ல உன் தங்கை அய்சிரெக் எழுதுகிறாள், என் இரண்டு உள்ளங்கையிலும் கட்டு இருக்கிறது, பேனா பிடிக்க முடியாது. எட்டாம் வகுப்போடு இவளை நிறுத்தி ஆற்றைக் கடக்கிற கூடையை இழுக்க வைத்தோம், ஆனாலும் கையெழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கிறது. போனில் பேசலாமே என்பாய். பேசினால் நான் குரல் உயர்த்தியதும் உனக்கு சிக்னல் போய்விடுகிறது. கடிதத்துக்கு சிக்னல் வேண்டாம், அல்மாத்திக்கு வரும் வேன்காரரிடம் கொடுத்து உன் கையிலேயே சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். இவள் இப்போதே “இவ்ளோ கோபமா எழுதணுமாம்மா?” என்று முனகுகிறாள். எழுதடி என்கிறேன். அதையும் எழுதுகிறாள்.

மாடு கன்று போட்டது, பெண் கன்று. மலையில் பனி இறங்க ஆரம்பித்துவிட்டது, வீட்டில் அடுப்புக்கு நிலக்கரி இல்லை, ஊரில் பாதி வீட்டில் இல்லை. எல்லோருடைய கரியும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் சுரங்கக் குழிக்கு வெளியே மூட்டை மூட்டையாகக் கிடக்கிறது, கொண்டுவர வடத்தில் தொங்கி வருகிற கூடை ஓடவில்லை. ஏன் ஓடவில்லை என்று உனக்குத் தெரியும், ஆனால் நீ போனில் பாதி கேட்டுவிட்டு “யாருக்கும் உயிருக்கு ஒண்ணுமில்லையே” என்று நிறுத்திக்கொண்டாய். முழுவதையும் கேள். அன்று கூடையில் அய்சிரெக்கும் பக்கத்து வீட்டு சைக்காலும் இரண்டு மூட்டைக் கரியோடு வந்தார்கள். இந்தக் கரையில் நின்று நான் இழுகயிற்றை இழுத்துக்கொண்டிருந்தேன். சைக்கால் ஆற்று நடுவிலிருந்தே “அக்கா, மெதுவா இழுங்க, என் இரட்டைப் பிள்ளைங்களுக்கு அம்மா வேணும்” என்று சிரித்தாள். கரைக்கு இன்னும் கொஞ்ச தூரம்தான். முளைத்தூண் பக்கம் கிரீச் என்று ஒரு சத்தம். பெரிய வடம் தூணில் கட்டிய இடத்திலிருந்து நழுவி, ஓடி, கடைசி கிளிப்பில் சிக்கி நின்றது. அதற்குள் வடம் தொய்ந்து கூடை பாறையில் மோதிக் கவிழ்ந்தது. மூட்டைகள் ஆற்றில் போயின. இழுகயிறு என் கையை உரித்துக்கொண்டு ஓடியது, நான் விடவில்லை. விட்டிருந்தால் கூடை நடு ஆற்றுக்குப் போயிருக்கும். சைக்கால் கற்கள்மேல் விழுந்தாள், இடுப்பெலும்பு முறிந்தது. உன் தங்கை விழவில்லை. கூடைக்கு மேலே கப்பிச் சட்டத்தில் தொங்கினாள், கால் தண்ணீரில், வாயில் ஒரு சத்தமும் இல்லை. இவளை இறக்கும்போதுதான் கோட்டுக்கு உள்ளே இடுப்புப் பட்டை இருப்பதைப் பார்த்தேன். பட்டையிலிருந்து சாட்டை மாதிரி ஒரு கயிறு, அதன் முனையில் பூட்டுப்போட்ட இரும்புக் கொக்கி. அல்மாத்தியில் மாடிக் கண்ணாடி துடைக்க நீ கயிற்றில் தொங்கும்போது மாட்டுவாயே, அதே.

நரின் நகரத்திலிருந்து ஒரு பெண் பொறியாளர் வந்து பார்த்தாள். வடம் நல்ல வடம், உள்ளேயும் இரும்புதான், துரு இல்லை, ஒரு இழைகூட அறவில்லை என்றாள். உன் பெரியப்பா சந்தையில் நாள் முழுக்க நின்று தடவித் தடவி வாங்கி, தன் கையாலேயே கட்டிய வடம், குறை இருக்குமா. முனைதான் தப்பு என்றாள். வடத்தைத் தூணைச் சுற்றி மடக்கி மூன்று கிளிப் போட்டிருக்கிறார் அல்லவா, அந்தக் கிளிப்புக்கு ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் வளைந்த கம்பி. பாரம் தாங்குகிற நீள வடத்தின்மேல் தட்டைப் பக்கம் உட்கார வேண்டும், மிஞ்சிய குட்டை வாலின்மேல்தான் வளைந்த கம்பி கடிக்க வேண்டும், மூன்றும் ஒரே மாதிரி. பெரியப்பா ஒன்றை இப்படியும் ஒன்றை அப்படியும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறார். ஏன் என்று அவள் கேட்டதற்கு அவர் சொன்ன பதில்: “கம்பளிக் கூடாரத்துக்கு வார் கட்டுறப்ப ஒண்ணு வலம், ஒண்ணு இடம் கட்டுவோம், அப்பத்தான் காத்து எந்தப் பக்கம் அடிச்சாலும் சாயாது. எங்கப்பா கட்டின கூடாரம் ஒண்ணுகூட விழுந்ததில்லம்மா.” அவள் “கூடாரம் காத்தைத் தாங்கும் ஐயா, இது ஆளைத் தாங்கணும்” என்றாள். கிளிப்பும் மட்டமானது, அடித்துச் செய்ததில்லை, உருக்கி ஊற்றியது. வடம் தூணில் உரசாமல் இருக்க மடிப்புக்குள் வைக்கிற தகட்டு வளையமும் இல்லை. பாரம் ஏறினால் வடம் மெலியும், அதனால் கட்டிய பிறகு நட்டுகளை மறுபடி முறுக்க வேண்டுமாம், அதுவும் செய்யவில்லை. இதெல்லாம் சரியாகும்வரை யாரும் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டு அவள் போனாள். ஜீப் திரும்பியதும் பெரியப்பா “காகிதத்துல வடம் கட்டுற பொண்ணு” என்றார். ஆண்கள் சிரித்தார்கள்.

சரி, அவர் தெரியாமல் செய்தார். நீ? ஆகஸ்டில் வந்து அந்தத் தூணில் சாய்ந்து நின்றுதானே சிகரெட் பிடித்தாய்? ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குப் பெரிய பிரசங்கம் செய்தாயே. அல்மாத்திக் கடையில் சோதனைச் சீட்டு இல்லாத வடத்தைத் தொடமாட்டேன், எவ்வளவு தாங்கும் என்று பொறித்திருக்க வேண்டும், நடுவில் நார் வைத்த வடம் ஈரத்தில் உள்ளிருந்தே கெடும், கிளிப்பை உற்றுப் பார்த்து ஊற்றியதென்றால் கடைக்காரன் மூஞ்சியிலேயே திருப்பிக் கொடுப்பேன், வடம் எவ்வளவு நல்லதானாலும் முனை மோசமென்றால் எல்லாம் மோசம் என்று. வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தோம். அவ்வளவும் தெரிந்தவன் கண்ணுக்கு எதிரே மூன்று கிளிப் கோணலாக இருந்தது. விபத்து நடந்த அன்று போனில் “நான் அப்பவே பார்த்தேம்மா” என்றாயே, அந்தச் சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. ஏண்டா சொல்லவில்லை என்றால், “பெரியவர் கட்டினதை எப்படிம்மா குறை சொல்றது, ஊரே நிக்குது, விருந்துல ஆட்டுத் தலைக் காதை அறுத்து மரியாதையா எனக்குக் கொடுத்து உட்கார வச்சிருக்காரு” என்கிறாய். காதை எதற்குக் கொடுத்தார், வாயை மூடிக்கொள்ளவா?

சொல்லாததோடு விட்டாயா. அல்மாத்தி போய்ச் சேர்ந்ததும் உன் தங்கைக்கு மட்டும் ஒரு பட்டையும் கொக்கிக் கயிறும் அனுப்பினாய். “கூடையில மாட்டாத, மேல கப்பிச் சட்டத்துல மாட்டு, கோட்டுக்குள்ள போட்டுக்கோ, யார்கிட்டயும் சொல்லாத” என்று போனில் சொல்லிக்கொடுத்தாய். இவள் வாயே திறக்காதவள், சொன்னபடி செய்தாள், உயிரோடு இருக்கிறாள். அதற்கு நான் கடவுளுக்கு நன்றி சொல்லாத வேளை இல்லை. ஆனால் எல்தியார், கூடையில் இரண்டு பேர். கூடை விழும் என்று தெரியாமல் நீ கொக்கி அனுப்பவில்லை. “ஒண்ணுதாம்மா கையில இருந்துச்சு” என்கிறாய். கொக்கி ஒன்றுதான் இருந்தது, சரி. வார்த்தைக்கு என்ன பஞ்சம்? அதை எந்தக் கடையில் வாங்க வேண்டும்?

ஆஸ்பத்திரிக்கு சூப் எடுத்துக்கொண்டு போனேன். சைக்கால் கூரையைப் பார்த்துப் படுத்திருந்தாள், அவள் கணவன் ஜோல்டோஷ் ஒரு பிள்ளையை மடியிலும் ஒன்றை முதுகிலும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். என் கையைப் பார்த்து அவள்தான் முதலில் அழுதாள். பிறகு கேட்டாள்: “அக்கா, அய்சிரெக் தொங்கினதை நான் விழுந்துகிட்டே பார்த்தேன். அவளுக்கு மட்டும் எப்படிக்கா கொக்கி வந்துச்சு?” அவள் குற்றம் சொல்லவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள், அதுதான் என்னைக் கொன்றது. நான் சூப் ஆறுகிறது என்றேன். இத்தனை வயதில் ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன், உன்னால்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். நீ மாட்டாமல் போகலாம் என்று நினைக்காதே. பெரியப்பாவிடம் நான் நேராகவே சொல்லியிருந்தேன், கிளிப்பைத் திருப்பிப் போடுங்கள், அந்தப் பெண் சொன்னது சரி, எல்தியாருக்கும் தெரியும் என்று. “அவனுக்குத் தெரிஞ்சா எங்கிட்ட சொல்லியிருப்பானே. கண்ணாடி மாடியில தொங்கிப் பொழைக்கிறவன், ஒரு வாரம் இந்தத் தூண் பக்கத்துலயே நின்னான், தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லலியே” என்றார். பார்த்தாயா, நீ வாயை மூடியது இங்கே சாட்சியாகிவிட்டது. ஊரில் யார் என்ன சொன்னாலும் உன் மௌனத்தைத்தான் எடுத்துக் காட்டுகிறார். சரி, போன் போட்டே கேட்கலாம் என்று போட்டார், எல்லோரும் கேட்க ஸ்பீக்கரில் வைத்தார். அறை முழுக்க ஆட்கள், ஜோல்டோஷும் கதவோரம் நின்றான். “டேய் எல்தியார், நான் போட்ட கிளிப்புல குறை இருக்காடா?” என்று கேட்டார். நீ என்ன சொன்னாய்? “நீங்க பார்த்துக் கட்டினா சரியாத்தான் இருக்கும் பெரியப்பா.” உன் குரல் சர்க்கரைபோல இருந்தது. அவர் எங்களைத் திரும்பிப் பார்த்து “கேட்டீங்களா?” என்றார். ஜோல்டோஷ் குல்லாவை எடுத்துக்கொண்டு வெளியே போனான். அந்த நிமிஷம் நீ என் எதிரே இருந்திருந்தால் கட்டுப்போட்ட கையாலேயே அறைந்திருப்பேன்.

வெள்ளிக்கிழமை வடத்தை மறுபடி இழுத்துக் கட்டப் போகிறார்கள். பனி வருகிறது, கரி வேண்டும், பொறியாளர் சொன்னதை யாரும் நினைக்கவில்லை. பெரியப்பா அதே கடையில் அதே மாதிரி இன்னும் இரண்டு கிளிப் வாங்கி வைத்திருக்கிறார். “மூணு தாங்கல, அஞ்சு தாங்கும்” என்கிறார். அஞ்சும் ஒன்று வலம், ஒன்று இடம். நாங்களே திருப்பிப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன். ஸ்பேனர் பிடிக்க எனக்குக் கை இல்லை, அய்சிரெக் போட்டாலும் ஏறுவதற்கு முன்னால் அவர் ஒவ்வொரு நட்டையும் தடவிப் பார்ப்பார், பார்த்ததும் பழையபடி மாற்றிவிடுவார். அவர் பிடிவாதம் உனக்குத் தெரியாததா. உன்னைத் தவிர ஒருவர் சொல்லும் அவர் காதில் ஏறாது.

இன்னொன்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா, மறந்துவிட்டாயா தெரியவில்லை. வடம் கட்டியவர்தான் முதலில் கூடையில் ஏற வேண்டும், அது நம் ஊர் வழக்கம். வசந்தத்தில் கட்டியபோதும் அவர்தான் தனியாக ஏறிப் போய்த் திரும்பினார், அப்போது கிளிப் பிடித்தது, அதனால்தான் அவருக்கு இவ்வளவு தைரியம். இந்தத் தடவை வெறுங்கூடையில் போகமாட்டாராம். ஊர் நம்ப வேண்டும் என்று நான்கு மூட்டை ஏற்றிக்கொண்டு வரப்போகிறாராம், சைக்கால் வீட்டுக் கரியைத்தான் முதலில் கொண்டுவருவாராம். உன் அப்பா போன பிறகு உனக்கு முதல் பூட்ஸ் வாங்கிக் கொடுத்தவர் அந்தக் கூடையில் உட்காரப் போகிறார். யாருக்கு மரியாதை காட்டினாயோ அவரையே ஆற்றில் போடப் போகிறாய். இதை எழுதும்போது இவள் பேனா நின்றுவிட்டது, எழுது என்று மறுபடி சொல்கிறேன்.

அதனால் வா. போன் போடாதே, போனில் நீ என்ன சொல்வாய் என்று கேட்டாகிவிட்டது. வேலை இருக்கிறது என்றால் வேலையை விட்டுவிட்டு வா. அடித்துச் செய்த நல்ல கிளிப்பும், உள்ளே வைக்கும் வளையமும், நட்டை அளவாக முறுக்கும் ஸ்பேனரும் கொண்டுவா, எது வாங்க வேண்டும் என்று உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. எல்லோர் எதிரிலும் தூண் பக்கத்தில் நின்று, பெரியப்பா இது தப்பு, ஆகஸ்டிலேயே பார்த்தேன், சொல்லவில்லை என்று உன் வாயால் சொல். கத்துவார், கத்தட்டும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய் சைக்காலிடம் அவள் கேட்டதற்கு நீயே பதில் சொல், நான் கூட வரமாட்டேன்.

பொட்டலத்தில் உலர்ந்த தயிர் உருண்டை இருக்கிறது, வழியில் சாப்பிடு. கணவாயில் குளிர் அதிகம், அந்த மெல்லிய சட்டையோடு வராதே. திட்டினாலும் நீ என் பிள்ளைதான், போகிற வழி உனக்கு வெளிச்சமாக இருக்கட்டும், காலுக்குக் கீழே எப்போதும் திடமான மண் இருக்கட்டும், உன்னை நம்புகிறவர்கள் தலை குனியாதிருக்கட்டும். வெள்ளிக்கிழமை காலையில் கட்ட ஆரம்பிப்பார்கள், மறக்காதே.

உன் அம்மா,
சுயும்கான்

அண்ணா, இது நானாக எழுதுவது, அம்மா அடுப்படிக்குப் போயிருக்கிறாள். வெள்ளிக்கிழமை பெரியப்பா கூடையில் கால் வைக்கும்போது நீ அங்கே இல்லையென்றால் நான்தான் எல்லோர் முன்னாலும் சொல்ல வேண்டும். நேற்று மாட்டிடம் சொல்லிப் பார்த்தேன், பாதியில் விட்டுவிட்டு வைக்கோல் அள்ளப் போய்விட்டேன். வந்துவிடு.

அய்சிரெக்