தைப் பெட்டி

டயகம
1954 மாசி 12

என் மகன் சோலைமலைக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் பெண்சாதி நாகலெட்சுமியும் பேத்திகள் இரண்டு பேரும் உடம்புக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம், துறையூரில் நீயும் மூக்கன் மாமாவும் அப்படியே இருக்க மாரியாத்தாளைக் கும்பிடுகிறேன். உடம்புக்குத்தான் குறைவில்லை ராசா, எனக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடையாது என்று பத்து நாளுக்கு முன் கடதாசி வந்துவிட்டது. இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் நான். பிரஜாவுரிமை விசாரணை அன்று தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எனக்காகப் பேசுகிறேன் என்றார், நான் விடவில்லை, ஐந்தாவது வரை படித்தவள், என் வாயால் நானே சொல்வேன் என்று முன்னால் போய் நின்றேன். இந்தியாவுக்கு ஏதும் அனுப்புவதுண்டா என்று விசாரிக்கிற துரை கேட்டார். கூடப்பிறந்தவனுக்கு ஒன்றும் செய்யாதவள் என்று நினைத்துவிடுவாரோ என்று, இருபது வருசமா தை தவறாம என் தம்பிக்குப் பெட்டி போகுதுங்க, தேயிலைத்தூளு, சவுக்காரம், சீத்தைத் துணி எல்லாம் போகுதுங்க, அவன் மக கல்யாணத்துக்குத் தோடு போட்டதே நான்தானுங்க, ஹட்டன்ல கடை வச்சிருக்கிற செல்லசாமி முதலாளி கொண்டுபோய்ச் சேர்ப்பாருங்க, என் மகனும் இப்ப துறையூர்ல அவுங்க அண்ணன் கடையிலதான் நிக்கிறானுங்க என்று ஒன்று விடாமல் சொன்னேன். அவர் எழுத எழுத எனக்குப் பெருமையாக இருந்தது. உன் பந்தமெல்லாம் அங்கே இருக்கிறது, நீ இங்கே நிலையாகக் குடியிருப்பவள் இல்லை என்று அதையே திருப்பி எழுதியிருக்கிறார்கள். கணக்கப்பிள்ளை இங்கிலீசில் வாசித்துச் சொன்னபோது வேறு யாருடைய கடதாசியோ என்று பெயரை இரண்டு தடவை பார்க்கச் சொன்னேன்.

முதலாளியிடம் யோசனை கேட்கலாம் என்று ஞாயிறு ஹட்டனுக்குப் போனேன், அங்கே கண்டது அதைவிடப் பெரிய இடி. சம்பளம் போட்ட ஞாயிறு, ஊருக்குப் பெட்டி கட்டும் சனம் தெருவரைக்கும் நிற்குமே, கட்டிவிட்டு மிளகாயும் புளியும் அங்கேயே வாங்குமே, பெட்டி கட்ட ஒரு ஆள் இல்லை. என் கதை எனக்கு முன்னால் எல்லாத் தோட்டத்துக்கும் போய்விட்டது. வந்த இரண்டு பேரும் பெட்டி அனுப்பியது தெரிந்தால் தங்கள் மனுவும் போய்விடும் என்று பயந்து, பெட்டிப் புத்தகத்தில் தங்கள் பெயரைக் கிழித்துத் தரச்சொல்லி நின்றார்கள். அக்கா, பெட்டி கட்ட வர்ற சனந்தான் என் யாவாரமே, அது நின்னுட்டா துறையூர் மிளகாய யாருக்கு இறக்குறது, ரெண்டு வார்த்தை குறைச்சுப் பேசியிருக்கக் கூடாதா என்று முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். வெற்றிலைக்கடைப் பேச்சியம்மா, அஞ்சாவது படிச்ச வாயி கடைத்தெருவையே பூட்டிருச்சு என்று எல்லோரும் கேட்கச் சொன்னாள். யோசனை கேட்காமலே திரும்பிவிட்டேன்.

உன் விசாரணை ஆனியில் வருகிறது. ஒரு வருசத்துக்கு மேல் நாட்டுக்கு வெளியே இருந்தால் உன் பிரஜாவுரிமை மனுவும் போய்விடுமாம், நீ போனது சித்திரையில். உன் மனுவை நம்பித்தான் நாகலெட்சுமியும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கடையில் ஆள் இல்லை என்று முதலாளியின் அண்ணன் மறிப்பார், கேட்காதே, பங்குனிக்குள் கப்பல் ஏறு. பொய் சொல் என்று நான் சொல்லமாட்டேன், கேட்டதற்கு மட்டும் பதில் சொல், என்னைப் போல் அள்ளிக் கொட்டாதே. மாரியாத்தா உன்னை முழுசாக என் வாசலில் கொண்டுவந்து விடட்டும். பயணக் கடதாசிகளை மடியிலேயே வைத்துக்கொள், பெட்டிக்குள் வைக்காதே.

வருகிற தைக்கு மாமாவுக்கு ஒன்றும் வராது. அதை அவனுக்கு எழுத எனக்குக் கை வரவில்லை, நீ கிளம்பும் முன் நேரில் சொல்லிவிடு. அக்கா கோபத்தில் நிறுத்தவில்லை என்று சொல், அவனுக்கு முதலில் அப்படித்தான் தோன்றும்.

உன் அம்மா
அம்மாக்கண்ணு