ராணிக் குட்டியின் அப்பன்

ஜூன் 12, திங்கள்
காலையிலேயே வெயில். லாயம் கழுவியாச்சு. கொள்ளு ஊறப் போட்டாச்சு. கால்நடைக் கல்லூரியில் மேல்படிப்புப் படிக்கிற டாக்டரம்மா மறுபடி வந்தது. பெண் குதிரை ராணி, ராணியின் குட்டி, குட்டிக்கு அப்பன் சுல்தான். மூன்றிடமும் திரும்ப ரத்தம். நரம்பு வளர உடம்பில் ஒரு புரதம் உண்டாம். அது அப்பன் ஆயியிடமிருந்து குட்டிக்கு எப்படி இறங்குகிறது என்று ஆராய்ச்சி.
"போன மாசம் எடுத்த ரத்தத்த இன்னாம்மா பண்ணே? ரசம் வெச்சுட்டியா?"
டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அந்தப் புரதத்துல குட்டிக்கு இருக்கிற ஒரு வகை ராணிக்கும் இல்ல, சுல்தானுக்கும் இல்லண்ணா. ரத்தம் புடிச்ச குழாய நான் மாத்தி வெச்சிட்டேன்னு எங்க ப்ரொஃபசர் சார் திட்றாரு."
நான் வாளியைத் தூக்கிக்கொண்டு தண்ணி பிடிக்கப் போய்விட்டேன்.

ஜூன் 13
வேலை ஓடவில்லை. போன வருஷம் பொங்கல் சமயம். ராணி பருவத்தில் இருந்தது. கேட்டைத் தாழ் போடாமல் புதுவாயலுக்கு டீ குடிக்கப் போனேன். ஊத்துக்கோட்டையிலிருந்து கல்யாண ஊர்வலத்துக்கு வந்த ஆண் குதிரையைப் பக்கத்துக் கொட்டகையில் கட்டியிருந்தார்கள். திரும்பி வந்தால், அது கயிற்றை அறுத்துக்கொண்டு ராணியிடம் உள்ளே. எல்லாம் முடிந்திருந்தது. மறுநாள் முதலாளி ராணியோடு சுல்தானைச் சேர்த்தார். நான் வாய் திறக்கவில்லை.
இப்போது குட்டியைப் பந்தயத்துக்கு வளர்க்கிறார். "சுல்தான் மூக்குடா மணி" என்பார். "உரிச்சு வெச்சிருக்குது மொதலாளி" என்பேன், பாவி.

ஜூன் 15
புழுக்கம். தவிடு வாங்கணும். டாக்டரம்மா போன். ரெண்டாம் தடவை எடுத்த ரத்தத்திலும் அதேதானாம். ரத்தம் எடுக்கவே தெரியாதவளுக்கு ஆராய்ச்சி எதுக்கு என்றாராம் சார். அழுதது.
"என் கை மேலயே நம்பிக்க போச்சுண்ணா."


ஜூன் 16
நானே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். "உன் கையில தப்பு இல்லம்மா. அப்பன் சுல்தான் இல்ல." டீ, கேட்டு, ஊர்வலக் குதிரை, எல்லாம்.

"ரெண்டு வாட்டி ரத்தம் எடுக்கும்போதும் நீங்கதான குதிரைய புடிச்சிக்கினு நின்னீங்க?"
ஆமாம். நான்தான்.

ஜூன் 17
டாக்டரம்மாவோடு ஊத்துக்கோட்டை. ஊர்வலக் குதிரை, ஜிகினா இல்லாமல் பார்த்தால் எலும்பும் தோலும். நான் பிடித்தேன், டாக்டரம்மா ரத்தம் எடுத்தது.  ரத்தக் குழாயில் ஒட்டச் சீட்டு எழுதும்போது கேட்டது.
"இத ஏன் எடுத்தேன்னு சார் கேப்பாரு. உங்க மொதலாளியும் கேப்பாரு. இன்னா எழுதட்டும்?"
"நடந்தத எழுதும்மா. எம்பேரையும் போடு."
கையெழுத்துப் போட்டேன். முதலாளிக்கு முதலில் நானே சொல்கிறேன் என்றேன்.
லாயத்துக்கு வந்தாச்சு. அவர் காரும் வந்துவிட்டது. இறங்குகிறார். கையில் குட்டிக்குக் கேரட்.