சுப்ஹானோட பழைய மெயில்

கம்பனி ஸ்டோர், உலு திராம்
புதன்கிழமை, காலையில பசியாறுற நேரத்துக்குப் பிறகு

அன்பான கூட்டாளி சுப்ஹானுக்கு, ஸ்டோர் வேலு சொல்லச் சொல்ல ஆபீஸ் கஸ்தூரி டைப் அடிக்கிற கடுதாசி.

யாருடா ஒன்னய கெழவன்னு சொன்னது? நான் சொல்லவே இல்ல. ஒன் தலமுடி சொல்லுது, நான் படிச்சுக் காட்டுனேன், அவ்வளவுதான். அதுக்குப் போயி போன டொக்குன்னு வெச்சுட்ட. மறுபடி அடிச்சா ஒன் மக பரக்கத் நிஷா எடுத்து, அத்தா தூங்குறாங்கன்னு சொல்லுது. பின்னால நீ இருமுறது எனக்கு நல்லாவே கேக்குது. தூங்குறவன் எங்கடா அவ்வளவு கோவமா இருமுவான்?

என் கையெழுத்தப் பாத்தா பிரிக்காமலே கிழிச்சுப் போடுவ. அதான் கம்பனி கவரு, டைப் அடிச்ச எழுத்து. ஏதோ பெரிய எடத்துக் கடுதாசின்னு நெனச்சு பிரிச்சிருப்ப. பிரிச்சுட்டல்ல, இனி முழுசும் படிச்சுத்தான் ஆகணும்.

(சுப்ஹான் அங்கிள், இவர் சொல்றத ஒரு வார்த்தை விடாம அடிக்கணுமாம். என்னத் திட்டாதீங்க. கஸ்தூரி.)

இங்க ஆபீஸ் கல்யாண வீடு மாதிரி கெடக்கு. வர்ற சனி ஞாயிறுல பழைய மெயில் சிஸ்டத்த எடுத்துட்டு புதுசு போடுறாங்க. கஸ்தூரி மேசை மேசையா ஓடுது. வேணாத மெயில அழிக்கணும், புது பாஸ்வேர்ட் வெக்கணும், ஆளு தானே ஒரு தடவ புது மெயிலுக்குள்ள போயி பாக்கணும். பாத்துட்டா அவங்க கம்ப்யூட்டர்ல ஒரு பச்ச ஸ்டிக்கர் ஒட்டும். அக்கவுண்ட்ஸ் விஜயன்கிட்ட பழசெல்லாம் அழிங்கன்னா, பொண்டாட்டி நகைய கேட்ட மாதிரி முழிக்கிறான். நான் என் பாஸ்வேர்ட மறந்துருவேன்னு ஸ்டோர் கதவுல சாக்பீஸ்ல எழுதி வெச்சேன். லோரி டிரைவருங்க எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டானுங்க. எனக்குத்தான் இன்னும் வரல.

சரி, விசயத்துக்கு வர்றேன். நீ குடுத்த ராஜினாமாவோட கெடு வெள்ளிக்கிழமையோட முடியுது. அதுக்குள்ள நீ நேர்ல வந்து வேணாம்னு சொன்னா கிழிச்சுப் போட்டுருவேன்னு மேனேஜர் சொல்றாரு. வரலன்னா ஒன் பேரு புதுசுல ஏறாது. ஒன் வேலைக்கு வேற ஆளு பாப்பாங்க. நீ சிம்பாங் ரெங்கத்துல மக வீட்டு சோபாவுல உக்காந்து, பேரன் கார்ட்டூன் பாக்குறத பாத்துக்கிட்டே இருக்க வேண்டியதுதான். அந்தப் பூனை எலியப் புடிக்காது சுப்ஹான். நானும் பாத்துட்டேன்.

புது மெயிலுக்கு இங்கிலீஷ்ல பரீட்ச, எல்லார் முன்னாடியும் பெரிய திரையில அடிச்சுக் காட்டணும், தப்பு விட்டா வீட்டுக்கு அனுப்பிருவாங்க, அந்த அவமானத்துக்கு நானே போயிடுறேன்னு போன்ல கத்துனல்ல. எனக்குப் பரீட்ச வெக்க அந்தக் கஸ்தூரிப் பொண்ணு யாருன்னும் கேட்ட. அப்படி ஒரு பரீட்சயே இல்லடா. அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல. இத அடிக்கிறப்ப கஸ்தூரி தலய வேகமா ஆட்டுது. நீ பாக்க முடியாது, அதான் சொல்றேன்.

இன்னொண்ணு. நீ மெயில் எழுதுற விதம் எனக்கு மட்டுந்தான் தெரியும்னு இவ்வளவு நாளா நெனச்சுட்டு இருந்தேன். பழைய மெயில் ஒண்ண தேடி எடுப்ப. தேதிய மாத்துவ, லோரி நம்பர மாத்துவ, அனுப்புவ. மழைக்கு ஒண்ணு, லோரி லேட்டுக்கு ஒண்ணு, மேசைக்கால் ஒடஞ்சு போனா அதுக்கு ஒண்ணு. புதுசா ஒரு வரி நீ எழுதி நான் பாத்ததில்ல. ரெண்டு வருசத்துக்கு முந்துன மெயில் புதுசுக்கு வராதுன்னு நோட்டீஸ் வந்த அன்னைக்கு, நீ நாசி லெமாக் சோத்துப் பொட்டலத்த பிரிச்சு வெச்சுட்டு தொடவே இல்ல. நான்தான் அதுல இருந்த ஒன் முட்டையையும் சேத்துத் தின்னேன்.

இந்தக் கஸ்தூரிப் புள்ளைக்கும் தெரிஞ்சிருக்குடா. தைப்பூசத்தன்னைக்கு லோரி கம்பனிக்கு நீ நோன்புப் பெருநாள் வாழ்த்து அனுப்புனியே, அப்பவே புரிஞ்சு போச்சாம். யார்கிட்டயும் மூச்சு விடல. நீ போன பிறகு மேனேஜர்கிட்ட கேட்டு, ஒன் பழைய மெயில் அத்தனையும் தனியா எடுத்து, புதுசுல ஏத்தி வெச்சிருக்கு. நேத்து எனக்குக் காட்டுச்சு. மழை, லேட்டு, மேசைக்கால், எல்லாம் வரிசையா இருக்கு. போயிட்டவருக்கு எதுக்கும்மா இதுன்னு கேட்டேன். வந்தா தேடுவாரு அங்கிள்னு சொல்லுச்சு.

அதக் கேட்ட பிறகு எனக்கு பசியாற முடியல. இன்னைக்கும் ரொட்டி சானாய பிச்சுப் போட்டு வெளையாடிட்டு எந்திரிச்சு வந்துட்டேன்.

கஸ்தூரி, இப்ப நிறுத்தாம அடிமா. திரும்பிப் பாக்காத.

நீ போறப்ப மேனேஜர்கிட்ட, பரீட்சன்னு கஸ்தூரி சொல்லுச்சாம்னு சொல்லிட்டுப் போன. ஒனக்கு யாரு வந்து சொன்னான்னு அவரு கேட்டதுக்கு நீ பேரு சொல்லலயாம். கூட்டாளிய மாட்டி விட வேணாம்னு நெனச்சிருப்ப. மறுநாள் இந்தப் புள்ளய எல்லார் முன்னாடியும் நிக்க வெச்சு, வயசானவங்கள எதுக்கு பயங்காட்டுனன்னு கேட்டாரு. நான் சொல்லலே சார், சத்தியமா சொல்லலேன்னு அழுதுச்சு. ஆபீஸே பாத்துக்கிட்டு இருந்துச்சு. நான் பின்னால நின்னு கச்சான் கடலைய உரிச்சுத் தின்னுக்கிட்டு இருந்தேன்.

கேண்டின்ல ஒன்கிட்ட நான் பரீட்சன்னு சொன்னப்ப, ஒனக்கு யாருடா சொன்னான்னு கேட்ட. கஸ்தூரின்னு சொன்னேன். அது சொல்லல சுப்ஹான். யாருமே சொல்லல. நானாத்தான்

இதுக்கு மேல என் கையெழுத்து. கோழி கிண்டுன மாதிரி இருந்தாலும் படி.

நானாத்தான் கட்டி விட்டேன். கஸ்தூரி கை அப்படியே நின்னு போச்சு. திரும்பி என்னப் பாத்துச்சு. திட்டும்னு இருந்தேன். திட்டு வாங்கி எனக்குப் பழக்கந்தான். திட்டல. ஏதோ ஒரு பட்டன அமுக்கிட்டு எந்திரிச்சுப் போயிருச்சு. கொஞ்சம் இரும்மா, இன்னும் இருக்குன்னு சொன்னேன். நிக்கல. எல்லாத்தையும் அழிச்சுட்டுப் போகுதுன்னு நெனச்சேன். பாத்தா பிரிண்டர் சத்தம் போட்டு இந்தப் பேப்பர் வருது.

அது முதுகு காட்டி உக்காந்திருக்கும், சொல்லிரலாம்னுதான் அத டைப் அடிக்கக் கூப்புட்டேன். மூஞ்சிக்கு நேரா சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.

ஒன் மூஞ்சி கோணுறத பாக்கலாம்னுதான்டா சொன்னேன். ரெண்டு நாள் ஆட்டம் காட்டிட்டு சிரிச்சுருவோம்னு இருந்தேன். நீ மறுநாளே ராஜினாமாவ குடுத்துட்ட. நாலாங்கிளாசோட நின்னது, எழுத வராதது, எல்லாம் என்கிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்க. எங்க தொட்டா ஒனக்கு வலிக்கும்னு தெரிஞ்ச ஒரே ஆளு நான். அங்கயே கைய வெச்சுட்டேன்.

டிரைவர் ஹாரூனோட லோரி சிம்பாங் ரெங்கம் போகுது, வெளிய ஹார்ன் அடிக்கிறான். இத அவன்கிட்ட குடுத்துட்டு நேரா மேனேஜர் ரூமுக்குப் போறேன். ஸ்டோர் சாவிய கையில எடுத்துக்கிட்டேன். கேட்டாருன்னா குடுத்துட வேண்டியதுதான்.

வெள்ளிக்கிழமை தொழுகைக்கு முன்னாடி வந்துருடா. வந்து மொதல்ல அந்தப் புள்ளகிட்ட போ. நல்லா இருக்கியாம்மான்னு ஒரு வார்த்த கேளு. நான் கேட்டா பதில் வராது. ஆபீஸ்ல எல்லா மேசைக்கும் பச்ச ஸ்டிக்கர் ஒட்டியாச்சு. ஒன் மேசைக்கு மட்டும் ஒட்டல, ஆளு வந்து உள்ள போயி பாத்தாத்தான் ஒட்டுவேன்னு கையிலயே வெச்சிருந்துச்சு. இப்பவும் வெச்சிருக்கும்னுதான் நெனக்கிறேன்.

ஸ்டோர் பக்கம் நீ வர வேணாம். நான் தூரத்துல இருந்து பாத்துக்கிறேன்.

அந்த இருமல் என் மேல உள்ள கோவத்துல வந்ததுன்னா, இருந்துட்டுப் போகட்டும். நெசமான இருமல்னா சுடுதண்ணி குடி, ராத்திரி காதுக்குத் துண்டு கட்டிக்க. நல்லா இருடா.

ஒன் முட்டையத் தின்னவன்,
வேலு