மடித்த துண்டு

மார்ச் 4
காலையிலேயே அண்ணனிடம் திட்டு. கற்கோடரியைத் துடைத்துவிட்டு வெறும் மேஜையில் வைத்துவிட்டேன். “எத்தனை தடவைடி சொல்றது? துண்டை நாலா மடிச்சு அதுமேல வை.” இந்த அருங்காட்சியகத்தில் உடைந்ததை ஒட்டுகிறவர் அண்ணன். துடைக்கிறவள் நான். அம்மா போனதிலிருந்து எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை; அண்ணன்தான் எல்லாம்.

வாசலில் காவல்கார மாமா, “என்ன ஊமைக்கொட்டான், இன்னைக்கும் அர்ச்சனையா?” என்றார். சிரிப்பு வந்தது. அதிகம் பேசமாட்டேன் என்று அவர் வைத்த பெயர் அது.

மார்ச் 9
இயக்குநர் ஐயா கிடங்கறையில் செத்துக் கிடந்தார். நான்தான் முதலில் பார்த்தேன். பின்மண்டையில் அடி. பக்கத்தில் அந்தக் கோடரி, நாலாக மடித்த துண்டின் மேல்.

ரேகையைத் துடைத்த துணி என்றார் போலீஸ்காரர். துடைத்த துணியை யாராவது மடிப்பார்களா?

மார்ச் 12
டிக்கெட் கொடுக்கும் அக்கா காதோடு சொன்னாள்: “உங்கண்ணன் நகலை வச்சுட்டு அசலை வித்துட்டாராம். ஐயா கண்டுபிடிச்சிட்டாரு. நாளைக்கு போலீஸ்ல சொல்லப்போறேன்.” திரும்பினால் கதவருகே அண்ணன்.

மார்ச் 13
அக்காவும். மாடிப்படிக்குக் கீழே. பக்கத்தில் வெண்கலக் குதிரை. அதுவும் துண்டின் மேல்.

சாவிக்கொத்து வைத்திருந்தவர் என்று மாமாவைப் பிடித்துப் போனார்கள்.

மார்ச் 14
அண்ணன் துண்டை மடித்துப் போட்டுச் சட்டியை இறக்கினார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “காய்ச்சலா குட்டி?” என்று நெற்றியைத் தொட்டார். அந்தக் கைதானா? இல்லை. இல்லை.

மார்ச் 17
மாமாவின் மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார். “பல்லியப் பார்த்தாலே என்னைக் கூப்பிடுற மனுஷன்மா அவரு.” நான் பெருக்கிக்கொண்டே இருந்தேன்.

மார்ச் 18
இன்ஸ்பெக்டர் அம்மா விசாரிக்க வீட்டுக்கு வந்தார். அண்ணன் துண்டை மடித்துப் போட்டு, அதன்மேல் தேநீர் டம்ளரை வைத்தார்.

“டம்ளருக்கு மெத்தையா?”

“பழக்கம் மேடம்.” அண்ணன் சிரித்தார்.

இவரும் போனால் எனக்கு யார் இருக்கா? மாமா உள்ளே கிடக்கிறாரே.

“எதையும் வெறுந்தரையில வைக்க மாட்டாரு,” என்றேன். “கோடரியையும்.”

அண்ணன் என்னையே பார்த்தார். கோபமே இல்லை. திட்டியிருக்கலாம்—

ஏப்ரல் 2
மாமா வேலைக்குத் திரும்பிவிட்டார். பாதியாக இளைத்திருக்கிறார். ஊமைக்கொட்டான் என்று கூப்பிடவில்லை. “வாம்மா” என்றார்.

வீட்டில் ஒரு டம்ளர் தேநீர் போட்டேன். வெறுந்தரையில் வைத்தேன். ணங்கென்று கேட்டது.